டைலரக்கா உட்கார்ந்த இடம்

தைத்துக் கொடுத்த சட்டை ஒரே வாரத்தில் மறுபடியும் கிழிந்து வந்ததைப் பார்த்ததும் டைலரக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கை பட்ட தையல் பிரிந்ததாக அந்தத் தெருவில் ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. துணிக்கடையின் பின்பக்கத்தில், ஒரு மெஷினும் ஒரு ஆளும் மட்டும் அடங்குகிற தடுப்புக்குள் உட்கார்ந்து, கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பருத்தவர்களுக்கு இடுப்பை விட்டுக் கொடுப்பது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது என்று பாதி ஆயுளை ஓட்டியவள். அந்தத் தெருவில் யார் எடை ஏறினாலும் இறங்கினாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

சட்டையைக் கொண்டு வந்தவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. குரல் மட்டும் பயந்த பூனைக்குட்டி. அவர் கொடுத்தது பேருக்குத்தான் சட்டை. பொத்தான் கிடையாது, காலர் இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கனத்துக்கு ஒரு பட்டை, துணியோ சாக்கு மாதிரி கனம்.

"இதைப் போட்டுக்கிட்டு என்னங்க பண்றீங்க? பாறை உடைக்கறீங்களா?"

"ஜியு-ஜிட்சுங்க அக்கா. ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சு இழுத்து, கீழ தள்ளி, அமுக்கற விளையாட்டு."

"சட்டையைப் பிடிச்சு இழுக்கறதுக்குப் பேரு விளையாட்டா?"

"பிரேசில் நாட்டு விளையாட்டுங்க" என்றார் அவர், அது ஒரு சமாதானம் என்பதுபோல.

சட்டையைத் திருப்பிப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தையல் அப்படியே இருந்தது. தையலுக்குப் பக்கத்தில் துணிதான் நைந்து விட்டிருந்தது. அதிலேயே பாதிக் கோபம் ஆறிப்போனது. மீதிக் கோபத்தோடு, சாயங்காலம் வேலை முடிந்ததும், எதிரே மருந்துக்கடைக்கு மேலே அவர்கள் பயிற்சி செய்கிற இடத்துக்குப் படியேறினாள். நல்ல துணியை அப்படி என்னதான் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

படியேறுவது அவளுக்கு லேசுப்பட்ட காரியமில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. வலது காலை விடக் குட்டை; அதை ஈடுகட்டத் தடித்த அடி வைத்த செருப்பு. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே போய் மூச்சு வாங்கியபடி கதவோரம் நின்றாள்.

அறை முழுக்க நீல நிறத்தில் மேட் விரித்திருந்தது. நடுவில் ஒல்லியான ஒரு இளைஞன் மல்லாந்து படுத்திருந்தான். அவனைத் தாண்டிப் போய் அமுக்குவதற்காகத் திணறிக்கொண்டு நின்றவர் நம்ம லிஃப்ட்காரர். ஒல்லி ஆளின் இரண்டு கையும் லிஃப்ட்காரரின் சட்டைக் கை நுனிகளைப் பிடித்திருந்தன. ஒரு பாதம் அவர் இடுப்பில், இன்னொரு பாதம் அவர் புஜத்தில். லிஃப்ட்காரர் இந்தப் பக்கம் போனார், கால்களும் கூடவே வந்தன. அந்தப் பக்கம் போனார், அங்கேயும் வந்தன. அத்தனை பெரிய உடம்பு முழி பிதுங்கி நின்றது. அப்புறம் ஒல்லி ஆள் ஒரே ஒரு பாதத்தை இடம் மாற்றினான். லிஃப்ட்காரர் பொத்தென்று விழுந்தார்.

டைலரக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். படுத்துக் கிடக்கிறவன் ஜெயிக்கிறான், நிற்கிறவன் விழுகிறான். இப்படி ஒரு சண்டை உலகத்தில் இருப்பதை இத்தனை வருஷத்தில் ஒரு மனிதரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அவளிடம் எல்லோரும் சொன்னது வேறு. "உட்காரு." பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வந்தால், "நீ உட்காரும்மா." விசேஷ வீட்டில் எல்லோரும் ஓடியாடும்போது, "உனக்கு எதுக்குச் சிரமம், உட்காரு." பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள்கூட, "உட்காருங்க, உட்காருங்க." இதில் முதல் பரிசு அவளுடைய அண்ணனுக்குத்தான். அவள் ஒரு அறைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்.

அண்ணனுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிற பள்ளியில் வேலை. அந்தக் கார்களில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அண்ணன் மிதித்து நிறுத்திவிடுவார். மிதித்து மிதித்து அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது யாராவது வேகமாக ஓடினால் அவர் வலது கால் தரையை அழுத்தும். அண்ணி கொஞ்சம் உரக்கப் பேசினாலும் அழுத்தும். பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், தங்கச்சிக்கு மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. "கிளட்ச் எட்டாது, பாப்பா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நாற்பது தாண்டிய பிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவராகப் போய்விட்டார், அதுதான் தொல்லை.

மறுநாளே சேர்ந்துவிட்டாள். ஒல்லியாகப் படுத்திருந்தவன்தான் அங்கே மாஸ்டர். அவளை விடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். முதல் நாள் எல்லோரும் மேட்டைச் சுற்றி ஓட ஆரம்பித்ததும் அவளிடம் வந்து தயங்கினான்.

"அக்கா, இது ஒடம்பைச் சூடு பண்றதுக்குத்தான். நீங்க இப்படி ஓரமா..."

"உட்காருங்கன்னு சொல்லாதீங்க தம்பி. கெட்ட கோபம் வரும்."

மற்றவர்கள் ஓடினார்கள். டைலரக்கா அவர்கள் பின்னாலேயே கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தாள். சிரித்தவர்களை ஒரு முறை முறைத்தாள். அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முழங்கால் தோல் உரிந்து வீட்டுக்குப் போனவளைப் பார்த்து அண்ணன் காலை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார், தரை பாவம்.

கீழே இருக்கிறவர் தன் கால்களை வைத்து எதிராளியைத் தடுத்து நிறுத்துவதற்கு அந்த விளையாட்டில் கார்டு என்று பெயர். எதிராளியின் இடுப்பைக் கால்களால் வளைத்து, கணுக்கால்களைப் பின்னிப் பூட்டிக்கொண்டால் அது மூடிய கார்டு. எல்லோருக்கும் முதல் பாடம் அதுதான். டைலரக்காவுக்கு முதல் பாடமே ஓடவில்லை. அவளுடைய இடது கால் பாதி வழி போய் நின்றுவிடும். கணுக்காலும் கணுக்காலும் சந்திக்கவே சந்திக்காது. எவ்வளவு எக்கினாலும் நடக்கவில்லை. அழுகைதான் வந்தது. அழுதால் யாராவது நாற்காலி கொண்டு வந்துவிடுவார்களோ என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "பூட்ட வரலேன்னா விட்டுத் தள்ளுங்கக்கா. தொறந்தே வைப்போம்."

பூட்டாத கார்டுக்கு ஓப்பன் கார்டு என்று பெயர். பூட்டு இல்லை என்பதால் ஒரு நொடிகூடச் சும்மா இருக்க முடியாது. "ரெண்டு கை, ரெண்டு கால். நாலும் எதிராளி மேல ஒட்டியே இருக்கணும்" என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்தான். "ஒண்ணை எடுத்தா, வேற இடத்துல வைக்கறதுக்காக எடுங்க. பயந்து எடுக்காதீங்க. கை இழுக்கும்போது கால் தள்ளணும். துணியில தொய்வு விழுந்துச்சுன்னா அவர் உள்ள வந்துட்டார்னு அர்த்தம்."

தொய்வு என்றதும் டைலரக்காவுக்கு உறைத்தது. அவளும் வலது பாதத்தை இடுப்பில் வைத்துத் தள்ளக் கற்றுக்கொண்டாள். இடது கால்தான் தகராறு. அதில் தள்ளுகிற வலு இல்லை. லிஃப்ட்காரர் முழங்காலால் லேசாக ஒதுக்கினாலே மடங்கிவிடும். ஒருநாள் மாஸ்டர் அந்தக் காலைக் கையில் எடுத்து, லிஃப்ட்காரரின் காலுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி, முழங்காலுக்குப் பின்னால் பாதத்தை மாட்டிவிட்டான்.

"தள்ள வேணாம். சும்மா மாட்டி வைங்க. கொக்கி."

லிஃப்ட்காரர் நகரப் பார்த்தார். முடியவில்லை. உதறிப் பார்த்தார். கனத்த காலாக இருந்தால் அந்த இடுக்கில் அடங்காமல் வெளியே வந்திருக்கும். இவளுடையது மெலிந்த கால், போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. டைலரக்கா தன் காலையே முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அடப்பாவி, இவ்வளவு நாள் எங்கடா இருந்த?" என்று காலிடம் கேட்டாள். லிஃப்ட்காரர் தன்னைத்தான் கேட்கிறாளென்று நினைத்து, "இங்கதான்க்கா இருக்கேன்" என்றார்.

தடுப்பது வந்துவிட்டது. தாக்குவதும் மெல்ல மெல்ல வந்தது. எதிராளி முன்னால் சாய்ந்தால் முன்னால் இழு, பின்னால் சாய்ந்தால் பின்னால் தள்ளு, அவர் போக நினைக்கிற பக்கமே சீக்கிரமாக அனுப்பி வை. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும், எல்லாம் கூடி வருகிற நேரத்தில், அவள் கை சட்டைக் கையை விட்டுவிடும். லிஃப்ட்காரர் வெடுக்கென்று இழுப்பார், விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும், அடுத்த நொடி அவர் அவள் மார்பு மேல் மூட்டை மாதிரி இருப்பார்.

"பிடி நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் விட்டீங்க?" என்பான் மாஸ்டர்.

"நான் விடல, தம்பி."

"விட்டீங்க அக்கா. நான் பார்த்தேன்."

"கை தானா விட்டுச்சு."

விரலில் வலு இல்லை என்று சொல்லவும் வழியில்லை. கத்தரியும் துணியுமாகப் பழகிய கை. அவள் பிடித்தால் லிஃப்ட்காரரே முகம் சுளிப்பார். மாஸ்டருக்கு மண்டை காய்ந்தது. ஒருநாள் லிஃப்ட்காரர் கையை இழுத்தபோது சட்டையின் தோளில் 'பட்' என்று ஒரு நூல் அறுந்தது. அவள் விரல்கள் உடனே திறந்துகொண்டன. அவள் அப்படியே மல்லாந்தபடி, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள். காரணம் பிடிபட்டுவிட்டது.

துணி முனகினால் டைலர் கை தளர வேண்டும். மெஷினில் துணி ஓடும்போது எங்கேயாவது இழுபட்டால் அந்தக் கணமே விட்டுவிடாவிட்டால் ஊசி உடையும், துணி பாழாகும். அது அவள் யோசித்துச் செய்கிற வேலையே இல்லை, மூச்சு விடுவதைப்போல் நடக்கிற வேலை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் கிழிகிற சத்தம் கேட்டால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். இவள் ஒருத்திதான் எதிராளியின் சட்டைக்குப் பரிதாபப்பட்டுத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா என் சட்டையைக் காப்பாத்தவா தோத்தீங்க?" என்று லிஃப்ட்காரர் உருகிப்போனார்.

"உங்க சட்டையும் நீங்களும்" என்றாள் டைலரக்கா, தன்மேலேயே எரிச்சலாகி.

அன்றிலிருந்து கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைப் பை நிறைய வீட்டுக்குக் கொண்டு வந்தாள். கட்டில்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சர்ர், சர்ரென்று கிழித்தாள். கிழியும்போது விரல் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் பயிற்சி. முதல் துணியைக் கிழிக்கும்போது பெற்ற பிள்ளையை அடிப்பதுபோல் இருந்தது. போகப் போகக் கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. எட்டிப் பார்த்த அண்ணி, அண்ணனிடம் போய், "உங்க தங்கச்சிக்கு என்னமோ ஆயிடுச்சு, தைக்கற துணியெல்லாம் கிழிச்சுப் போடறா" என்றாள். அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று.

மருந்துக்கடை மாடியில், புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டுகிற வெள்ளைப் பெல்ட்டிலிருந்து அடுத்த படியான நீலப் பெல்ட்டுக்குப் போக ஒரு வழக்கம் இருந்தது. பெல்ட் வாங்க வேண்டியவர் மேட்டின் நடுவில் உட்கார வேண்டும். அங்கே இருப்பதிலேயே கனத்த ஆள் எதிரே நிற்பார். ஒரு சுற்று முடிந்து மணி அடிக்கும்வரை அவரைத் தன் கால்களைத் தாண்ட விடக் கூடாது. தாண்டி வந்து அமுக்கிவிட்டால் பெல்ட் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம். எல்லோரும் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள். இருப்பதிலேயே கனத்த ஆள் லிஃப்ட்காரர் என்று சொல்லத் தேவையில்லை.

டைலரக்காவின் முறை வந்தபோது மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க அந்தச் சுற்று ஆட வேணாம். உங்க உழைப்பைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கேனே. வெள்ளிக்கிழமை நேரா பெல்ட்டைக் கட்டிடறேன்."

"ஏன்? எல்லாரும் ஆடினாங்கதானே?"

"எல்லாரும் வேற..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்க அண்ணன் வந்திருந்தார் அக்கா. ரொம்பக் கவலைப்பட்டார். பெரிய மனுஷர், கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். என்னால மறுக்க முடியல."

 தடித்த செருப்பு படிகளில் டக் டக்கென்று அதிர இறங்கிப் போனாள். கீழே, கூரையில் பள்ளியின் பலகை வைத்த காரில், அண்ணன் அவளுக்காகக் காத்திருந்தார். அவர் ஒருநாளும் மேலே வந்து பார்த்ததில்லை. பார்த்தால் மயக்கம் வரும் என்பார். கையைப் பிடித்துக் கெஞ்ச மட்டும் படியேறியிருக்கிறார்.

"மாஸ்டர்கிட்ட என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? பாப்பா ஆசைப்படறா, மனசு நோகாம குடுத்துடுங்கன்னு சொன்னேன். அது ஒரு தப்பா?"

"பிச்சை போடச் சொல்லியிருக்க."

"பாப்பா! அந்த ஆளைப் பார்த்தேன். யானை மாதிரி இருக்கான். அவன் மேல விழுந்தா உனக்கு..."

"அவர் தினமும்தான் என் மேல விழறார், நான் எந்திரிச்சு வீட்டுக்கு வரல? அண்ணா, நல்லதுன்னு நினைச்சு நீ போட்ட நாற்காலியில நான் இத்தனை வருஷம் உட்கார்ந்தாச்சு. எனக்கு அலுத்துப்போச்சு."

அண்ணன் முகம் வாடியது. அதை அவளும் பார்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் அந்தச் சுற்று ஆடறேன். நீ மேல வந்து உட்கார்ந்து முழுசாப் பார்க்கற. வாயைத் திறக்கக் கூடாது. நான் தோத்தா, இந்தப் படி இனிமே ஏற மாட்டேன். நீ சொன்ன இடத்துல உட்கார்ந்துக்கறேன்."

"நிஜமாவா?" என்றார் அண்ணன். சட்டென்று அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான், கோபத்தில் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயிலிருந்து போனது போனதுதான். திரும்ப வாங்குகிற ஆள் அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டைலரக்கா செருப்பைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அவள் மேட்டின் நடுவுக்குப் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒருத்தரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

மணி அடித்தது. லிஃப்ட்காரர் வந்தார். டைலரக்கா சட்டைக் கைகளைப் பிடித்து, வலது பாதத்தை இடுப்பில் வைத்து, இடது காலை மாட்டினாள். அவர் இப்படி ஒரு எட்டு வைத்தார், அப்படி ஒரு எட்டு வைத்தார். கையை இழுத்தார், ஆனால் அந்த இழுப்பில் உயிரே இல்லை. அண்ணனுடைய கவலை இவரையும் தொற்றிக்கொண்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன லிஃப்ட்டு, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். சுவரோரம் சிரிப்பு எழுந்தது. "நீங்களும் எனக்குப் பாவம் பார்க்கறீங்களா? பார்த்துக்குங்க, உங்க சட்டை எதையும் இனிமே நான் தொட மாட்டேன்."

லிஃப்ட்காரர் முகம் சிவந்தது. குனிந்து அவள் கால்சட்டையின் இரண்டு நுனிகளையும் கொத்தாகப் பிடித்தார், கால்களை மூட்டைபோல் ஒரு பக்கம் வீசினார், வீசிய கையோடு இடது பக்கமாகச் சுற்றி ஓடி வந்தார். அவளுடைய பலவீனமான பக்கம். வந்தே விட்டார். அவர் நெஞ்சு அவள் தோளில் இடித்தது, மூச்சு முட்டியது. டைலரக்கா இடுப்பைத் திருகி, வலது முழங்காலை இடையில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"போதும், மாஸ்டர்! நிறுத்துங்க!" அண்ணன் எழுந்துவிட்டார்.

"அண்ணா, வாயை மூடிக்கிட்டு உட்காரு!" என்று அவள் அடியிலிருந்து கத்தினாள். கத்திய மூச்சில் இடுப்பு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, முழங்கால் உள்ளே போனது. முழங்காலைத் தொடர்ந்து பாதம் போனது. பாதத்தால் அவரைத் தள்ளி எழுப்பி, மறுபடியும் தூரத்தில் நிறுத்தினாள். அண்ணன் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வலது கால் மட்டும் தரையை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.

இப்போது நாலும் தத்தம் இடத்துக்கு வந்தன. இடது கால் வெளிப்பக்கமாகச் சுற்றி அவர் முழங்காலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இடது கை அவருடைய அந்தக் காலின் குதிகாலைப் பிடித்தது. வலது பாதம் இடுப்பில். வலது கையில் அவருடைய சட்டைக் கையின் நுனி. அந்தப் பிடியை உடைக்காமல் ஒன்றும் நடக்காது என்று லிஃப்ட்காரருக்கும் தெரியும். அவர் முதுகை நிமிர்த்தி, பின்னால் சாய்ந்து, உடம்பு மொத்தத்தையும் போட்டுக் கையை இழுத்தார்.

தோள் பக்கம் துணி முனகியது.

டைலரக்காவின் விரல்கள் அதைக் கேட்டன. அவளுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டன. அந்தச் சட்டையைத் தைத்தவள் அவள்தான்; எந்த இடம் நைந்திருக்கிறது, எவ்வளவு தாங்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. 'பட்' என்று ஒன்று போனது. இன்னொன்று போனது. விடு, விடு, துணி போகிறது என்று கை கெஞ்சியது.

கிழியட்டும் என்று நினைத்தாள். நல்லாக் கிழியட்டும். தைக்கத்தான் நான் ஒருத்தி இருக்கேனே.

விரல்களை இன்னும் இறுக்கினாள். லிஃப்ட்காரர் இன்னும் சாய்ந்தார். தோளிலிருந்து சட்டைக் கை சர்ரென்று பிரிந்து, மணிக்கட்டுவரை சரிந்து வந்தது. எதிரே இழுக்கிற பிடி திடீரென்று இல்லாமல் போனதும் அத்தனை கனமும் பின்னால் போனது. பின்வைக்க ஒரு கால் வேண்டும். அந்தக் காலின் குதிகால் அவள் கையில் இருந்தது, முழங்காலுக்குப் பின்னால் அவளுடைய குட்டைக் கால் இருந்தது. அவள் அவர் இடுப்பில் ஓர் உதை கொடுத்தாள், போக நினைத்த பக்கமே அனுப்பி வைத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர லிஃப்ட்காரர் விழுந்தார். மணிக்கட்டில் சுருண்ட துணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவர் விழுந்த வேகமே அவளை இழுத்து மேலே கொண்டு வந்தது. மணி அடித்தபோது டைலரக்கா அவர் மேல் இருந்தாள்.

ஒரே கூச்சல். யாரோ விசிலடித்தார்கள். லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தபடி, "அக்கா, கையை விட்டுடலாம், முடிஞ்சிடுச்சு" என்றார்.

"இனிமேலாவது புதுச் சட்டை ஒண்ணு வாங்குங்க" என்றாள் அவள், மூச்சிரைக்க. "கழட்டிக் குடுங்க. தைச்சுத் தர்றேன்." அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை. யார் பார்த்தால் என்ன!

மாஸ்டர் வெள்ளைப் பெல்ட்டை அவிழ்த்து நீலப் பெல்ட்டைக் கட்டினான். கட்டும்போது, "மன்னிச்சிடுங்க அக்கா" என்று மெல்லச் சொன்னான். அவள் பெல்ட்டின் முனையைத் திருப்பி, "ஓரத் தையல் சரியில்லை" என்றாள்.

அதற்குள் அண்ணன் எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து மேட்டின் ஓரத்தில் போட்டுவிட்டார். பழக்கம், பாவம். அவள் அந்த நாற்காலியைத் தாண்டிப் போய், அவர் கையிலிருந்த செருப்பை வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மாட்டிக்கொண்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் ஆடற, பாப்பா" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதற்கு இத்தனை வருஷம் பிடித்திருந்தது.

கீழே போனதும் வழக்கம்போல அண்ணன் முந்திக்கொண்டு ஓடிப் பின்கதவைத் திறந்து பிடித்தார். டைலரக்கா பின்கதவுக்கு வரவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய், ஓட்டுகிறவர் இருக்கையின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, என்ன பண்ற? உரிமம் எடுக்கணும், அதுக்கு முன்னாடி... கிளட்ச் எட்டாதே பாப்பா."

"உரிமத்துக்கு நாளைக்கு எழுதிப் போடலாம். இன்னைக்கு வண்டியைக் கிளப்பல. சும்மா மிதிச்சுப் பார்க்கறேன்."

இருக்கையின் கீழே இருந்த கம்பியைத் தூக்கி, இருக்கையை முன்னால் இழுத்தாள். இடது காலை நீட்டினாள். தடித்த செருப்பின் அடி கிளட்சைத் தொட்டது. இடுப்பிலிருந்து கனத்தைக் கொடுத்து அழுத்தினாள். அது கடைசிவரை போய், திரும்பி வந்தது. மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் போய் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் இந்த இருக்கையில் உட்கார விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அண்ணன் இன்னும் பின்கதவைப் பிடித்தபடியே நின்றார். அவள் கையை நீட்டி, பக்கத்து இருக்கையின் கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறந்துவிட்டாள்.

"உன் பக்கம்தான் பிரேக் இருக்கே, அப்புறம் என்ன பயம்? வாண்ணா, உட்காரு."